ஒரு புள்ளி

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
எனக்குக் கண்ணால் வேலை.
நீல விளக்கின் கீழே
வெந்த சதையை விரலால் விலக்கி விலக்கி
ஓட்டுத் துணுக்கைத் தேட வேண்டும்.
ஒரு தட்டில் ஒன்றே ஒன்று தப்பினாலும்
திரவியம் சார் வாயைத் திறக்க மாட்டார்.
தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போவார்.

ராத்திரி வேறு வேலை.
ரெக்சன் கடலுக்குப் போனதும்
அவன் மேசை எனக்கு.
ஊர் பேர் தெரியாத நகரத்தில்
கூரைக்குக் கூரை தாவுவேன்.
குழுவில் எல்லோரும் என்னை "அண்ணே" என்கிறார்கள்.
மைக்கை நான் போடுவதில்லை,
மறுத்ததும் இல்லை.

பழைய திரை, பத்தொன்பது அங்குலம்.
தூரத்துப் புதரெல்லாம் பச்சைக் கஞ்சி.
அதற்குள் ஒருத்தன் படுத்திருப்பான்.
அவன் சுட்ட பிறகுதான்
எனக்கு அவன் தெரிவான்.

பதினொரு மாதம் சீட்டுக் கட்டினேன்.

ராமநாதபுரத்தில் காசிம் நெய்னா கடை.
சுவர் முழுக்கத் திரைகள்,
எல்லாத் திரையிலும் ஒரே கிளி.
"இது ஃபோர் கே" என்றார்.
கிளியின் கண்ணோரச் சுருக்கம் வரை தெரிந்தது.
பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.
நாற்பத்தோராயிரம்.

பக்கத்தில் இன்னொன்று, டூ கே, இருபத்தேழு அங்குலம்,
நொடிக்கு நூற்று அறுபத்தைந்து தடவை
தன்னைப் புதுசாக்கிக்கொள்ளும்.
இருபத்து மூவாயிரம்.

கிலோவுக்கு அறுபது ரூபாய் எனக்கு.
கிளிக்கும் கிளிக்கும் நடுவே
முந்நூறு கிலோ சதை,
கண் எரிய எரிய முப்பத்தெட்டு நாள்.

"தம்பிக்கா?"
"எனக்கு."
ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார்.
"என்ன கார்டு போட்டிருக்கீங்க?"
சொன்னேன்.
"ஃபோர் கேயை அது இழுக்காதும்மா,
வத்தை எஞ்சினை விசைப்படகுல மாட்டின கதைதான்."
விற்கிறவரே வேண்டாம் என்றது
எனக்குப் பிடித்திருந்தது.
கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

"சரி, இதுலயே முழு வெள்ளை போடுங்க."
போட்டார்.
குனிந்தேன்.
கிளி இல்லை, காடு இல்லை, வெறும் வெள்ளை.
இந்த வெள்ளை எனக்குப் பழகியது.
மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக,
தட்டைப் பார்ப்பது போலவே பார்த்தேன்.
இடது கீழ் மூலையில் இருந்தது,
எரியாத ஒரு புள்ளி.

நெய்னா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், தெரியவில்லை.
கடைப் பையன் துணியால் துடைத்தான்,
போகவில்லை.
"ஒண்ணுதானே. அஞ்சு வரைக்கும் கம்பெனிக்காரன் மாத்த மாட்டான்."

அட்டையில் எழுதியிருந்ததை ஃபோனில் பெருக்கினேன்.
முப்பத்தாறு லட்சத்து எண்பத்தாறாயிரத்து நானூறு.
அதில் ஒன்று.
திரவியம் சார் இங்கே நின்றிருக்க வேண்டும்.

"வேற பெட்டி பிரிங்க."
"மதுரையிலேர்ந்து வியாழக்கிழமை வரும்."
வியாழக்கிழமை எனக்கு லீவு கிடையாது.
ரெண்டாயிரம் குறைக்கச் சொன்னேன்.
ஆயிரத்து முந்நூறு குறைத்தார், ஒரு கேபிள் கொடுத்தார்,
"உப்புக்காத்து, ராத்திரி துணி போட்டு மூடி வைங்க" என்றார்.
பறவைக் கூண்டுக்கா சொல்கிறார் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் பெட்டிக்கும் டிக்கெட் கேட்டார் கண்டக்டர்.
உச்சிப்புளி வரை சண்டை போட்டேன்,
அப்புறம் கொடுத்தேன்.
கணக்கில் அந்தக் காசைச் சேர்க்கவில்லை.

விளையாட்டில் இடது கீழ் மூலையில்தான் வரைபடம்.
அந்தப் புள்ளி விழுந்த இடம் கடல்.
அங்கே எவனும் போவதில்லை.

முதல் ராத்திரி.
புதர் இப்போது கஞ்சி இல்லை, இலை இலையாக இருந்தது.
உள்ளே படுத்திருந்தான் ஒருத்தன்,
என்னை அவன் இன்னும் பார்க்கவில்லை.
குறி வைத்தேன்.
அவன் இடது பூட்ஸில்
நாடா அவிழ்ந்து கிடந்தது.
நாடா நுனியில் பிளாஸ்டிக் மூக்கு,
அதில் கூட ஒரு கீறல்.
எவனோ ஒருத்தன் உட்கார்ந்து அந்தக் கீறலை வரைந்திருக்கிறான்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுட்டுவிட்டான்.

காதுக்குள் எவனோ கத்தினான்:
"அண்ணே, தூங்கிட்டீங்களா?"